பட்டம் வாங்கியாச்சு: உதவி இயக்குநரா, திரைப்படப் பள்ளியா, டிசைனா, விளம்பர ஏஜென்சியா?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்தவர்களும், இன்ஜினீயரிங் முடித்துவிட்டு மனசை மட்டும் கேமரா பக்கம் வைத்திருப்பவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: அடுத்து எங்கே போவது? பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் வந்த வழியையே கைகாட்டுவார்கள். உதவி இயக்குநராக இருந்து படம் எடுத்தவர் "நல்ல டைரக்டர் யாரிடமாவது சேர்ந்துடு" என்பார். பூனா திரைப்பட நிறுவனத்தில் படித்தவர் "முறையாப் படி" என்பார். யூடியூபில் நிலைத்தவர் "எதுக்குங்க இதெல்லாம், ஒரு போன் போதும்" என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. தங்களுடைய முதல் மூன்று வருடச் செலவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இந்த வழிகளை ஒப்பிட நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். முதலாவது, தொழில் கற்றுக்கொள்ளும் காலத்துக்குக் காசு யாருடையது? அப்பாவுடையதா, அரசாங்கத்துடையதா, முதலாளியுடையதா, வங்கியுடையதா? இரண்டாவது, மூன்று வருடம் கழித்து அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால் கையில் என்ன மிஞ்சும்? திறமை, ஆர்வம், வெறி எல்லாம் வேண்டும்தான். ஆனால் அது எல்லா வழிக்கும் பொது, ஒப்பிட உதவாது. சென்னையை வைத்தே எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த களம் அது.

உதவி இயக்குநர்

தமிழ் சினிமாவில் அதிகம் பேரை உருவாக்கிய பள்ளிக்கூடம் இயக்குநர்களின் அலுவலகம்தான். பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ் வந்தார், பாக்யராஜிடமிருந்து பாண்டியராஜனும் பார்த்திபனும் வந்தார்கள். பாலு மகேந்திராவிடம் பாலாவும் வெற்றிமாறனும் இருந்தார்கள். ராமிடம் மாரி செல்வராஜ், ஷங்கரிடம் அட்லீ. ஓவியக் கல்லூரியில் படித்த பா. இரஞ்சித்தும் வெங்கட் பிரபுவிடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டுத்தான் தனியாகப் படம் எடுத்தார். இந்த வரிசையைப் படிக்கிற யாருக்கும் நாளைக்கே பஸ் ஏறத் தோன்றும். வரிசையில் பெயர் வராதவர்கள் எத்தனை மடங்கு என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் டீக்கடைகளில் அரை மணி நேரம் நின்றால் அவர்களில் நாலைந்து பேரைப் பார்த்துவிடலாம்.

வேலை என்ன? முதல் படத்தில் கையில் கிளாப் போர்டு கிடைக்கும், இல்லாவிட்டால் கன்டினியூட்டி நோட்டு. போன ஷெட்யூலில் ஹீரோ எந்தச் சட்டை போட்டிருந்தார், கையை மடித்துவிட்டிருந்தாரா, வாட்ச் எந்தக் கையில் என்று குறித்து வைப்பது. டயலாக் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுப்பது, கூட்டத்தை நகர்த்துவது, டப்பிங்கில் உட்கார்வது. ஷூட்டிங் நாளில் பேட்டாவும் சாப்பாடும் உண்டு. ஷூட்டிங் இல்லாத மாதங்களில் 'டிஸ்கஷன்' உண்டு. அதற்கு டீயும் மதியச் சாப்பாடும் நிச்சயம், சம்பளம் அந்தந்த அலுவலகத்தைப் பொறுத்தது. பல அலுவலகங்களில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து அறை எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, பைக்குக்கு பெட்ரோல் போட்டு, மாதம் 15,000 ரூபாய்க்குள் முடித்துவிடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு 3,60,000 ரூபாய். பேட்டா அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், மீதி வீட்டிலிருந்து வர வேண்டும். அதனால் "காசு கட்டிப் படிக்க வசதியில்லை, உதவி இயக்குநராகச் சேர்ந்துவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கணக்கு உதைக்கிறது. இதுவும் கட்டணம் கட்டிப் படிக்கிற படிப்புதான். ரசீது வராது, அவ்வளவே.

அந்த இரண்டு வருடமும் உங்கள் கையில் இருப்பதில்லை. பூஜை போட்ட படம் நின்றுபோகலாம். ஃபைனான்ஸ் வராமல் ஷெட்யூல் எட்டு மாதம் தள்ளிப்போகலாம். 2018 மார்ச்சில் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப்படம் எதுவும் வெளிவரவில்லை, ஷூட்டிங்கும் நின்றது. முதலில் அடி வாங்கியது தினக்கூலியிலும் பேட்டாவிலும் இருந்தவர்கள்.

மிஞ்சுவது என்ன என்று கேட்டால், நல்ல இயக்குநரிடம் இருந்திருந்தால் நிறையவே மிஞ்சும். நூறு பேர் நிற்கிற இடத்தில் ஒரு காட்சியை எப்படி முடிப்பது என்கிற துணிச்சல் வகுப்பறையில் வராது. கேமராமேன், எடிட்டர், மேனேஜர், புரொடக்‌ஷன் ஆட்கள் என்று நூறு பேரின் பழக்கமும் கிடைக்கும். மோசமான இடத்தில் மாட்டினால் மூன்று வருடத்துக்கு அத்தாட்சியாக டைட்டில் கார்டில் ஒரு வினாடி பெயர் ஓடும், சில சமயம் அதுவும் ஓடாது.

எனவே இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் படம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் முன்பு இருந்தவர்களில் யாராவது தனியாகப் படம் செய்திருக்கிறார்களா? அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் உறுதியாகிவிட்டாரா, இல்லை கதை மட்டும்தான் இருக்கிறதா? டிஸ்கஷனில் புதுப் பையன் வாயைத் திறக்கலாமா? இந்த மூன்றையும் அவரிடம் கேட்க முடியாது. அவருடைய பழைய உதவியாளர்களிடம் கேட்கலாம். அப்புறம், உங்களிடம் முழுக்கதை இருந்தால், யாரிடமும் சொல்லும் முன்பே அதைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள். திருட்டை அது தடுத்துவிடாது. ஆனால் தகராறு வந்தால் காட்டுவதற்குத் தேதி போட்ட ஒரு காகிதம் இருக்கும்.

இந்த வழியைச் சுற்றிக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். கார்த்திக் சுப்பராஜ் மென்பொருள் வேலையில் இருந்தவர். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி வழியாக வெளியே தெரிந்தார். லோகேஷ் கனகராஜ் வங்கி ஊழியராக இருந்தபடி குறும்படம் எடுத்தவர். இவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் "வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்" என்கிற பாதியைத்தான் ரசித்துச் சொல்கிறார்கள். விடுவதற்கு ஒரு வேலை இருந்தது, அந்தச் சம்பளம்தான் முதல் குறும்படங்களின் தயாரிப்பாளர் என்கிற பாதியில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

திரைப்படப் பள்ளி

பட்டதாரிக்கு முதலில் தெரிய வேண்டிய பெயர் எஃப்டிஐஐ, அதாவது புனேயில் (பூனா) இருக்கிற மத்திய அரசின் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம். பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960இல் தொடங்கியது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றில் பட்டப்படிப்புக்குப் பிந்தைய மூன்றாண்டுப் படிப்புகள் இருக்கின்றன; நுழைவுத் தேர்வு, அதற்குப் பிறகு நேர்முகம். கொல்கத்தாவில் 1995இல் வந்த சத்யஜித் ரே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமும் இதே தரத்தில் உள்ளது. நம்மூரில் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். அதன் வேர் 1945 வரை போகிறது. அங்கே இருப்பது பிளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்காண்டுப் பட்டம். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர் மறுபடி நான்கு வருடம் போடத் தயாரா என்று யோசிக்க வேண்டும், வயது வரம்பையும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பிரிவுக்குப் பள்ளி தேவை என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஒளிப்பதிவுக்கும் ஒலிக்கும் தேவை. படத்தொகுப்புக்கு இருந்தால் நல்லது. இயக்கத்துக்கு அவ்வளவு அவசியமில்லை. காரணம் சாதாரணமானது: கேமராவும் லைட்டும் லென்ஸும் நல்ல ஒலிக்கூடமும் வாடகைக்கு எடுத்துத் தப்புச் செய்து பழக நம்மால் முடியாது. தப்புச் செய்வதற்கான செலவை அரசாங்கம் ஏற்கிற இடம் இந்தப் பள்ளிகள். பாலு மகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு படித்தவர், பி.சி. ஸ்ரீராம் தரமணியில் படித்தவர், 2009இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் ஒலி படித்தவர். ஒலிப் பிரிவுக்கு மட்டும் ஒரு குறிப்பு: பள்ளியில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். போட்டி குறைவாக இருந்தும் நம் பிள்ளைகள் அதிகம் எட்டிப் பார்க்காத பிரிவு அது என்பது என் எண்ணம். எல்லோருக்கும் டைரக்‌ஷன்தான் வேண்டியிருக்கிறது.

மூன்றாண்டுப் படிப்பு மூன்றாண்டில் முடிந்துவிடும் என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2015இல் எஃப்டிஐஐ மாணவர்கள் 139 நாள் போராடினார்கள் அல்லவா, அந்தச் சமயத்தில் 2008இல் சேர்ந்தவர்களிலேயே படிப்பை முடிக்காதவர்கள் இருந்தார்கள். இன்றைய நிலைமையை இப்போது படிக்கிறவர்களிடம் விசாரியுங்கள்.

தனியார் பள்ளிகள் விஷயத்தில் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில நல்ல இடங்கள் இருக்கின்றன, உண்மை. ஆனால் சில லட்சம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஒரு வகுப்பில் எத்தனை பேர், கேமரா ஒவ்வொருவர் கையிலும் எத்தனை மணி நேரம் இருக்கும்? பிரசுரத்தில் படம் போட்டிருக்கிற பிரபலம் வாரம் எத்தனை வகுப்பு எடுக்கிறார்? போன வருட மாணவர்களின் குறும்படங்களைக் காட்டுவார்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். வசதியில்லாத வீட்டுப் பட்டதாரிகளுக்கு வெற்றிமாறன் தொடங்கிய பன்னாட்டுத் திரை-பண்பாட்டு ஆய்வகத்தையும் சொல்ல வேண்டும். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்வு செய்து கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறார்கள். இடங்கள் குறைவு, ஆனால் விண்ணப்பிக்காமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

இங்கே பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. பாலியல் சுரண்டல் பற்றிய பகுதிதான் செய்தியானது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறைகூட இல்லாத நிலையையும் அது எழுதியிருக்கிறது. மலையாளத் திரையுலகைப் பற்றிய அறிக்கைதான், ஆனால் கோடம்பாக்கத்தில் வேலை பார்க்கும் பெண்கள் அதைப் படித்து ஆச்சரியப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஏஜென்சியிலும் ஐடி நிறுவனத்திலும் அதைக் கேட்க ஒரு மனிதவளத் துறையாவது இருக்கும். அவுட்டோர் ஷூட்டிங்கில் யாரிடம் கேட்பது? இதனால் பெண்கள் போகக்கூடாது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே பெண்கள் வேலை செய்கிற குழுவில் முதல் படத்தைத் தொடங்குவது நல்லது என்கிறேன்.

விஎஃப்எக்ஸ், அனிமேஷன்

விஎஃப்எக்ஸ் என்பது எடுத்த காட்சியைக் கணினியில் மாற்றுகிற, சேர்க்கிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் பத்திரமான வழி மாதிரி தெரியும். கணினி முன்னால் வேலை, மாதச் சம்பளம், ஏசி அறை, ஹாலிவுட் படம். பெரும்பாலானவர்கள் நுழைகிற கதவு ரோட்டோ. காட்சியில் இருக்கிற ஆளின் ஓரத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடிட்டு வெட்டி எடுக்கிற வேலை. அடுத்த படி பெயின்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமரா அசைவைக் கணினியில் பிடிப்பது), பிறகு காம்பாசிட்டிங் (எல்லாத் துண்டுகளையும் ஒரே காட்சியாக இணைப்பது). தொடக்கச் சம்பளம் சென்னையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக அதிகம் மிஞ்சாத அளவில்தான் இருக்கும். டெலிவரி நெருங்கினால் ராத்திரியும் ஞாயிறும் போய்விடும்.

இதன் பெரிய சிக்கல், வேலை எங்கிருந்து வருகிறதோ அங்கே தும்மினால் இங்கே ஜலதோஷம் பிடிக்கிறது. 2013இல் அமெரிக்க விஎஃப்எக்ஸ் நிறுவனமான ரிதம் அண்ட் ஹியூஸ் திவாலானது, அது வேலை செய்த படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த அதே மாதத்தில். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே ஷூட்டிங் இல்லையென்றால் இங்கே வெட்டுவதற்கு ஃப்ரேம் ஏது? 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ் கம்பெனிகளை நடத்திய டெக்னிகலர் குழுமம் கவிழ்ந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் திடீரென்று வேலை இழந்தார்கள். போதாததற்கு, ரோட்டோவும் பெயின்ட்டும் செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைக்கிற வேலைகள். நுழைவாயிலே சுருங்கிக்கொண்டு வருகிறது.

மிஞ்சுவது என்ன? கம்பெனியில் செய்த ஷாட்டைப் படம் வெளிவரும் வரை வெளியே காட்ட முடியாது, அதற்குப் பிறகும் அனுமதி வேண்டும். ரோட்டோ செய்தவரின் பெயர் டைட்டிலில் வருவது அரிது. ஆகவே என் அபிப்பிராயம்: லட்சக்கணக்கில் கட்டிப் பொதுவான அனிமேஷன் படிப்பில் சேர்ந்து ரோட்டோ நாற்காலியில் உட்காராதீர்கள். வீட்டில் ஒரு கணினி இருந்தால் பிளெண்டர் என்கிற இலவச அனிமேஷன் மென்பொருளில் ஆறு மாதம் உட்கார்ந்து பாருங்கள். பிடித்துப்போனால் லைட்டிங், எஃப்எக்ஸ், காம்பாசிட்டிங் என்று ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போய், சொந்த ஷோரீலோடு (செய்த வேலைகளைத் தொகுத்த வீடியோ) நுழையுங்கள். 'எல்லாம் தெரியும்' என்கிற ஆளைவிட ஒன்றை நன்றாகச் செய்கிற ஆளுக்குத்தான் கதவு திறக்கிறது.

டிசைன்

வீட்டில் காசில்லாத, ஆனால் கண்ணும் மூளையும் சேர்ந்து வேலை செய்கிற பட்டதாரிக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்தப் பக்கம். ஐஐடிகளின் எம்.டெஸ் (டிசைன் முதுகலை) படிப்புக்கான 'சீட்' (CEED) என்கிற நுழைவுத் தேர்வை ஐஐடி மும்பை நடத்துகிறது. மூன்றாண்டுப் பட்டம் எதுவாக இருந்தாலும் எழுதலாம், பி.ஏ. தமிழ் படித்தவரும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது, இத்தனை முறைதான் என்கிற கணக்கும் கிடையாது. படம் வரைவது ஒரு பகுதிதான். கவனிப்பது, ஒரு சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, யோசனையைக் காகிதத்தில் புரியும்படி சொல்வது எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனியாகத் தேர்வு நடத்துகிறது. அங்கே எம்.டெஸ் இரண்டரை வருடம். தரமணியில் 1995 முதல் இருக்கிற ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படிக்காமலும் நுழையலாம். சென்னையில் ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி மென்பொருள் நிறுவனங்கள் இருப்பதால் செயலிகளின் திரையை வடிவமைப்பவர்களுக்கு இங்கேயே வேலை உண்டு. இரண்டு மூன்று செயலிகளை எடுத்து, எங்கே தடுமாற்றம் இருக்கிறது, எப்படி மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று எழுதிய போர்ட்ஃபோலியோ இருந்தால் நேர்முகத்துக்கு அழைப்பு வரும். மூன்று மாத ஆன்லைன் படிப்பு முடித்தவர்கள் கூட்டமாக இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். எல்லோருடைய போர்ட்ஃபோலியோவிலும் அதே சாப்பாட்டு டெலிவரி செயலி. அரசுப் பேருந்து டிக்கெட்டையோ ரேஷன் கடை வரிசையையோ எடுத்துச் செய்தவரை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

"பட்டன் எங்கே இருக்கணும்னு யோசிக்கிறது ஒரு கலையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கலையாக இல்லாமல் இருக்கட்டும். கற்றுக்கொள்ளும் காலத்துக்கு முதலாளி காசு கொடுக்கிறார், சனி ஞாயிறு உங்களுடையது, அந்த இரண்டு நாளில் காமிக்ஸ் வரையலாம், குறும்படம் எடுக்கலாம். மூன்று வருடம் கழித்து வெளியே வந்தாலும் கையில் விற்கக்கூடிய ஒரு தொழில் இருக்கும்.

விளம்பர ஏஜென்சி

ஏ.ஆர். ரஹ்மான் 1992இல் சினிமாவுக்கு வரும் முன் விளம்பர ஜிங்கிள்களில்தான் கை பழகினார். ராஜீவ் மேனனும் விளம்பரப் படங்களிலிருந்து வந்தவர். முப்பது வினாடிக்குள் சொல்லி முடிக்கிற பழக்கம் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் வராது.

இன்றைய நிலை கொஞ்சம் வேறு. பெரிய ஏஜென்சிகளின் மூளை மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. சென்னையில் ஒரு புதுக் காப்பிரைட்டர், அதாவது விளம்பர வாசகம் எழுதுகிறவர், நுழையப்போவது பெரும்பாலும் டிஜிட்டல் ஏஜென்சியில்தான். வேலை, மாதக் காலண்டர்: ஒரு நகைக்கடைக்கு முப்பது போஸ்ட், ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு இருபது, பொங்கல் வாழ்த்து, உலக டீ தின வாழ்த்து. நான் ஏஜென்சியில் இருந்த காலத்தில் அன்னையர் தினத்துக்கு ஒரு டிஎம்டி கம்பிக்காரருக்கு வாசகம் எழுதியிருக்கிறேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு க்ளையன்ட் "லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்பார்.

இருந்தும் இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சம்பளம் சுமாராக இருந்தாலும் ஒன்றாம் தேதி வரும். எஸ்டிமேட் எப்படிப் போடுவது, எத்தனை திருத்தத்துக்கு மேல் காசு கேட்கலாம், பில் எப்போது அனுப்புவது, ஷூட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்று கலைத்தொழிலின் பணப்பக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிற ஒரே பள்ளி இதுதான். உதவி இயக்குநராகப் பத்து வருடம் இருந்தவருக்கும் இது தெரிந்திருப்பதில்லை. இன்னொன்று: தமிழ் விளம்பரத்தில் பாதி, இந்தியிலோ ஆங்கிலத்திலோ யோசித்து இங்கே மொழிபெயர்த்தது. காதில் விழுந்தவுடன் தெரிந்துவிடும். தமிழிலேயே யோசித்து எழுதத் தெரிந்தவர்கள் அவ்வளவு அபூர்வம் என்பதால், அப்படிப்பட்டவருக்கு இங்கே மதிப்பு இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் போதும். ஐந்து வருடம் இருந்தால் காலண்டர் போடுவதிலேயே கை பழகிவிடும்.

சொந்தத் தொழில்

தமிழ்நாட்டில் கேமராக்காரர்களுக்குப் பெரிய புரவலர் சினிமா கிடையாது, கல்யாணம். கேண்டிட் போட்டோ, ட்ரோன், ஆல்பம், ரீல் என்று ஒரு முகூர்த்த நாளில் நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான வீடுகளில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். வருடத்தில் இரண்டு மாதம் வருமானம் படுத்துவிடும், கேமராவுக்கு வாங்கிய கடனின் தவணை படுக்காது. தவணையில் கேமரா வாங்கும் முன் ஒரு சீசன் முழுக்க வாடகைக் கேமராவில் ஓட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

படித்து முடித்ததும் நேராக ஃப்ரீலான்ஸ் என்பதை நான் ஆதரிப்பதில்லை. வேலை தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை, விலை தெரியாது என்பதற்காக. மூன்று வருடம் இன்னொருவர் கடையில் இருந்துவிட்டு வந்தால், யார் எவ்வளவு கொடுப்பார்கள், யார் இழுத்தடிப்பார்கள் என்பது தெரிந்திருக்கும்.

அப்படி வரும்போது சில விஷயங்கள். நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தரும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். பலர் தாக்கலே செய்யாமல் அந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கிற கேமராமேன், எடிட்டர், பாடலாசிரியர், வசனகர்த்தா போன்றவர்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறையும் இருக்கிறது, ஆடிட்டரிடம் கேளுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்துவைத்தால், 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கும் நிறுவனத்தின் மேல் வட்டியோடு புகார் செய்யச் சட்டம் இடம் தருகிறது. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டாலே சிலர் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள்.

உரிமை விஷயமும் முக்கியம். வேலையில் இருக்கும்போது செய்ததற்கு முதலாளிதான் முதல் உரிமையாளர். வெளியாளாகக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துக்கொடுத்த போட்டோவும் படமும், வரைந்துகொடுத்த ஓவியமும்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருடையது. ஆனால் எழுத்து, உரிமையை எழுதிக்கொடுக்காத வரை, எழுதியவருடையது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவரின், இசையமைக்கிறவரின் ராயல்டி பங்கை ஒப்பந்தம் போட்டும் பறிக்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், தெரியாவிட்டால் ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

யூடியூபைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. விளம்பர வருமானம் தொடங்கவே 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வையும் வேண்டும். அதைத் தொட்ட பிறகும் வருவது சில்லறைதான். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துச் சமையல் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டதைக் காட்டி வாதாடுவார்கள். அது ஒரு குடும்பமே சேர்ந்து இறங்கிய உழைப்பு. மேலே சொன்ன எந்த வேலையில் இருந்தாலும் சேனல் நடத்தலாம், நடத்தவும் வேண்டும். உங்கள் கையெழுத்து அங்கேதான் தெரியும்.

சரி, எதை முதலில்?

இவற்றில் ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். எந்தக் கதவு சீக்கிரம் மூடும் என்று பாருங்கள். தரமணிக்கு வயது வரம்பு இருக்கிறது. உதவி இயக்குநர் வேலைக்கு எழுதி வைத்த வரம்பு இல்லை. ஆனால் முப்பது வயதில், வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, இருபத்திரண்டு வயது அசோசியேட்டிடம் (மூத்த உதவி இயக்குநர்) திட்டு வாங்குவது எல்லோராலும் முடியாது. டிசைன் நுழைவுத் தேர்வு எந்த வயதிலும் காத்திருக்கும். ஏஜென்சியும் ஃப்ரெஷர்களைத்தான் விரும்பும், ஆனால் போர்ட்ஃபோலியோ நன்றாக இருந்தால் வயதைப் பெரிதாகப் பார்க்காது.

வீட்டில் இரண்டு வருடம் தாங்குவார்கள், நல்ல இயக்குநரின் அலுவலகத்தில் இடமும் கிடைக்கிறது என்றால், போய்விடுங்கள். இரண்டு வருடம் அல்லது ஒரு முழுப் படம், இதில் எது முதலில் முடிகிறதோ அதோடு உட்கார்ந்து யோசியுங்கள். தாங்க மாட்டார்கள், தலைக்கு மேல் கல்விக் கடன் இருக்கிறது என்றால், டிசைன் அல்லது ஏஜென்சி வேலை. முதல் வருடச் சேமிப்பில் ஒரு குறும்படம். ஒளிப்பதிவு, ஒலி என்று மனசு உறுதியாக இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் எஃப்டிஐஐ, கொல்கத்தா நுழைவுத் தேர்வுகளுக்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள், அந்த வருடம் கல்யாண ஷூட்டுக்கு உதவியாளராகப் போங்கள். செலவும் ஓடும், லென்ஸும் பழகும்.

எதுவும் முடிவாகவில்லை என்றாலும் அக்டோபரில் 'சீட்' விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். தேர்வு ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்காக யாரும் ஷூட்டிங்கை விட வேண்டியதில்லை, ஒரு நாள் லீவு சொன்னால் போதும்.